ஆட்டுச் சந்தையில் ஒரு பொருளியல் வகுப்பு!

`பி.ஏ. எகனாமிக்ஸா? அதைப் படிச்சு என்ன செய்யப்போற?' - எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் காலையில் பஸ் ஏறும் பிள்ளைகளில் பலர் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். போன முதல் செமஸ்டரிலேயே `நுண்ணினப் பொருளியல்' என்று ஒரு தாள். வளைகோடு, வெட்டுப்புள்ளி, நெகிழ்ச்சி, சமநிலை என்று பக்கத்துக்குப் பக்கம் படங்கள். ஆப்பிள், ஐஸ்கிரீம், பீட்சா என்று உதாரணங்கள். `சரி, மனப்பாடம் பண்ணிப் பாஸாகிடலாம்' என்று பல பிள்ளைகள் அங்கேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். பி.காம்., பி.பி.ஏ. படிக்கிறவர்களும் `வணிகப் பொருளியல்' என்ற பெயரில் இதே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். அவர்கள் நிலையும் இதுதான்.

ஆனால், அந்தப் புத்தகத்தில் இருக்கிற அத்தனை அத்தியாயங்களும் கரிசல் காட்டில் தினம் தினம் நடந்துகொண்டிருக்கின்றன என்பதுதான் உண்மை. கொஞ்சம் சுற்றிப்பார்ப்போமா?

சந்தையில் நகரும் கோடு

எட்டயபுரத்தில் சனிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தை, தென் மாவட்டங்களில் பெயர்பெற்றது. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரங்களில் அங்கே நிற்க இடமிருக்காது. புரட்டாசி மாதம் பல வீடுகளில் கறி எடுக்க மாட்டார்கள், வியாபாரம் மந்தமாகிவிடும். ஐப்பசி பிறந்து தீபாவளி நெருங்கினால் அதே கிடாவுக்கு வேறு விலை.

முதல் வருட மாணவர்கள் தேர்வில் அதிகம் மதிப்பெண் இழக்கும் இடம் இதுதான். விலை ஏறினால் வாங்குவது குறையும்; அது தேவைக்கோட்டின் மேலேயே நகர்வது. ஆனால், தீபாவளிக்குக் கறி கேட்பவர்கள் கூடுவது விலையால் அல்ல, பண்டிகையால். அப்போது தேவைக்கோடே வலது பக்கம் இடம்பெயர்கிறது. மழை பொய்த்து மேய்ச்சல் இல்லாமல்போனால், வளர்க்க முடியாமல் எல்லோரும் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அப்போது இடம்பெயர்வது அளிப்புக்கோடு, விலை சரியும். `மற்றவை மாறாதிருக்கும்போது' என்று புத்தகம் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்பது, இந்தச் சந்தையில் இரண்டு சனிக்கிழமை நின்றால் விளங்கிவிடும்.

இன்னொரு குழப்பம். கணக்குப் பாடத்தில் காரணமாக இருப்பதைப் படுக்கை அச்சில் போடுவோம். பொருளியலில் விலையைச் செங்குத்து அச்சில் போடுகிறார்கள். இது பிள்ளைகளின் தவறு அல்ல. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-ல் வெளியிட்ட தன் நூலில் அப்படி வரைந்தார், உலகமே அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. `இவ்வளவு ஆடு வந்தால், என்ன விலைக்குப் போகும்?' என்று கேட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தால் சிக்கல் இல்லை.

விளைஞ்சா விலை இல்ல...

`விளைஞ்சா விலை இல்ல. விலை இருந்தா விளைச்சல் இல்ல' - இந்தப் புலம்பலைக் கேட்காத சம்சாரி வீடு கிடையாது. இதைத்தான் புத்தகம் `நெகிழ்ச்சியற்ற தேவை' என்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 10 குவிண்டால் உளுந்து விளைகிறது, விலை 8,000 ரூபாய் என்றால் கையில் 80,000. அடுத்த வருடம் நல்ல மழை, 14 குவிண்டால். ஆனால், ஊருக்கெல்லாம் விளைந்ததால் விலை 5,000-க்கு இறங்கிவிட்டது என்றால் கிடைப்பது 70,000. விளைச்சல் கூடியது, வருமானம் குறைந்தது! விலை மலிந்துவிட்டது என்பதற்காக யாரும் இட்லிக்கு இரண்டு மடங்கு உளுந்து ஊறப்போடப் போவதில்லையே.

`சரி, விலை ஏறும்வரை வைத்திருந்து விற்கலாமே' என்று தோன்றும். மானாவாரிக் காட்டில் எல்லோரும் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரே சமயத்தில் விதைக்கிறார்கள். ஒரே சமயத்தில் அறுக்கிறார்கள். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் வாசலில் நிற்கும். ஒருவர் தன் மூட்டைகளை நிறுத்திவைத்தாலும் சந்தை விலை அசையாது. `நிறைவுப் போட்டியில் விற்பவர் விலையை ஏற்பவர். நிர்ணயிப்பவர் அல்ல' என்ற வரிக்கு இதுதான் பொருள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் விளைபொருளை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம் என்ற ஏற்பாடு எதற்காக வந்தது என்பதும் இதைப் படித்த பிள்ளைக்குப் புரியும். வீட்டில் சொல்லவும் முடியும்.

ஒரு ரூபாய்த் தீப்பெட்டி

கோவில்பட்டி, எட்டயபுரம் வட்டாரத்தில் பெண்களின் உழைப்பில் நிற்கும் தொழில் தீப்பெட்டி. 2007-ல் 50 காசிலிருந்து 1 ரூபாயாக உயர்ந்த தீப்பெட்டியின் விலை, 14 வருடங்கள் அப்படியே நின்றது. அட்டை, மெழுகு, பொட்டாசியம் குளோரேட், சிவப்பு பாஸ்பரஸ் என மூலப்பொருள்களின் விலை ஏறிக்கொண்டே போக, 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாயாக உயர்த்தினார்கள்.

விலை இரண்டு மடங்கானால் விற்பனை விழுந்துவிடாதா? விற்பனை பாதிக்கும் மேல் விழாதவரை, மொத்த வருவாய் கூடவே செய்யும். வீட்டுச் செலவில் தீப்பெட்டிக்குப் போவது அற்பத் தொகை; அதனால் ஒரு ரூபாய் ஏறியதற்காக யாரும் விளக்கேற்றுவதை நிறுத்துவதில்லை. ஆனால், பதிலீட்டுப் பொருள் ஒன்று வந்துவிட்டால் கதை மாறும். மலிவான பிளாஸ்டிக் லைட்டர் அப்படித்தான் வந்தது. தமிழக அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வந்தது.

இது யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? தீப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் அம்மாவுக்கு வேலை நிற்கிறது. லைட்டர் வாங்குபவருக்கு மலிவான பொருள் போகிறது. இரண்டையும் ஒரே படத்தில் வைத்து அளக்கத்தான் `நுகர்வோர் உபரி', `உற்பத்தியாளர் உபரி' என்ற கருத்துகள் இருக்கின்றன. விடை எதுவாக இருந்தாலும், கேள்வியை நிதானமாகக் கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பாடத்தின் வேலை.

2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயும் ஒரு பாடமே. கடலையும் வெல்லமும் எல்லா ஊரிலும் இருக்கின்றன. ஆனாலும், `கோவில்பட்டி' என்ற பெயருக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க ஆள் இருக்கிறது. உளுந்துக்கு இல்லாத அந்த வசதிக்குப் பெயர், பொருள் வேறுபாடு.

பாரதி வீட்டுப் பஞ்சாலை

எட்டயபுரம் என்றால் பாரதி. அவருடைய தந்தை சின்னசாமி ஐயர் இந்த ஊரில் நிறுவிய பஞ்சாலை நொடித்துப்போய், குடும்பம் வறுமையில் விழுந்தது. 1898-ல் அவர் காலமானார். அந்தக் கால எட்டயபுரத்தைச் சுற்றிப் பருத்திக்குக் குறைவில்லை. ஆனால், அதே 1880-களில்தான் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் பெரிய ஆலைகளை எழுப்பினார்கள். பெருமளவில் உற்பத்தி செய்கிறவருக்கு ஒரு கண்டு நூலுக்கு ஆகும் செலவு குறையும். சின்ன ஆலை அந்த விலைக்கு இறங்கினால் நஷ்டம். `பேரளவு உற்பத்திச் சிக்கனங்கள்' என்ற தலைப்பைப் படிக்கும்போது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பிய பேராசிரியர்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக 1915-ல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். புத்தகத்தோடு நிறுத்தாமல், மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன், என்ன சாப்பாடு என்று கேட்டுவரச் சொன்னார். அந்த ஆய்வுகள் 1918-ல் நூலாக வந்தன. அதில் ஒன்று, கோவில்பட்டியிலிருந்து நெல்லை போகும் வழியிலுள்ள கங்கைகொண்டான். இன்னொன்று, சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம். பின்வந்த ஆய்வாளர்கள் அந்தக் கிராமங்களுக்கு மறுபடியும் மறுபடியும் போய், என்ன மாறியிருக்கிறது என்று எழுதினார்கள். நூறு வருடங்களுக்கு முன்பே நம் ஊர்கள் பொருளியல் வகுப்பாக இருந்திருக்கின்றன!

படிப்பின் உண்மையான விலை

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பொருளியலின் முதல் பாடம் `வாய்ப்புச் செலவு'. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுகிற அடுத்த நல்ல வாய்ப்புதான் அதன் உண்மையான விலை. காட்டில் மக்காச்சோளம் போட்டால் உளுந்து போட முடியாது. அதேபோல, மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் செலவு ஃபீஸும் பஸ்ஸும் மட்டுமல்ல. அவள் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் கூலியும்தான். `படிச்சது போதும்' என்று பல வீடுகளில் சொல்லவைப்பது, கணக்கில் எழுதப்படாத இந்தக் கூலிதான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் (2022), பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டுகின்றன. மீதியையும் எழுதிப் பாருங்கள். ஆனால், இன்றைய கூலியோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். பட்டத்துக்குப் பின் வரப்போகும் வருடங்களையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் செய்ய வேண்டியவை

* ஒவ்வொரு வரையறையையும் படித்ததும், உங்கள் ஊரிலிருந்து ஓர் உதாரணம் எழுதுங்கள். தேர்வு எழுதும்போது அதுவே ஞாபகத்துக்கு வரும்.

* படத்தைப் பார்த்து வரையாதீர்கள். விலை, அளவு என அட்டவணை போட்டு, புள்ளி வைத்து நீங்களே கோட்டை இழுங்கள்.

* ஆறு மாதம், வாரம் ஒரு முறை, ஒரே கடையில் உளுந்து, வத்தல், தக்காளி விலையைக் குறித்துவையுங்கள். விலை மாறியபோது தேவையா, அளிப்பா, எது நகர்ந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள்.

* தமிழ்க் கலைச்சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் எதிரெதிரே எழுதி ஒரு நோட்டு போடுங்கள். மேற்படிப்புக்கும் போட்டித் தேர்வுக்கும் அந்த நோட்டு கைகொடுக்கும்.

* வீட்டில் இந்த வருடம் என்ன விதைப்பது என்று பேச்சு வரும்போது, நோட்டோடு பக்கத்தில் போய் உட்காருங்கள். அப்பாவுக்குத் தெரிந்த செலவுக் கணக்கு உங்கள் புத்தகத்தில் இல்லை. உங்களுக்குத் தெரிந்த நெகிழ்ச்சிக் கணக்கு அவரிடம் இல்லை.