பூரிம்

பூரிம் என்பது யூதர்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் மகிழ்ச்சி விழாக்களுள் ஒன்றாகும். பண்டைய பாரசீகப் பேரரசில் வாழ்ந்த யூதர்கள் பேரழிவிலிருந்து தப்பியதாக எஸ்தர் நூல் கூறும் நிகழ்வை இவ்விழா நினைவுகூர்கிறது. எபிரேய நாட்காட்டியில் அதார் மாதத்தின் 14ஆம் நாள் இது கொண்டாடப்படுகிறது. பொது நாட்காட்டியில் இந்நாள் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் மாதத்திலோ அமையும். முகமூடிகளும் இனிப்புகளும் நிறைந்த விழாவாக அறியப்பட்டாலும், ஏழைகளுக்கு வழங்குதல் இதன் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாகும்.

பெயர்க்காரணம்

"பூர்" என்னும் சொல்லுக்குத் திருவுளச்சீட்டு என்பது பொருள். யூதர்களை அழிப்பதற்குரிய நாளைத் தேர்ந்தெடுக்க ஆமான் என்னும் அமைச்சன் சீட்டுப் போட்டதாக எஸ்தர் நூல் கூறுகிறது. அச்சொல்லின் பன்மை வடிவமே பூரிம் ஆகும்.

வரலாற்றுப் பின்னணி

எஸ்தர் நூலின்படி, இந்தியா முதல் எத்தியோப்பியா வரை 127 மாகாணங்களை ஆண்ட அகாஸ்வேரு மன்னனின் அரசியாக எஸ்தர் என்னும் யூதப் பெண் விளங்கினாள். அவளை வளர்த்த உறவினரான மொர்தெகாய் தன்னை வணங்க மறுத்ததால் சினமுற்ற ஆமான், பேரரசிலுள்ள யூதர் அனைவரையும் கொல்ல அரசாணை பெற்றான். அழைப்பின்றி மன்னன் முன் செல்வது மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தும், எஸ்தர் துணிந்து சென்று தன் மக்களுக்காக மன்றாடினாள். ஆமான் தூக்கிலிடப்பட்டான். முதல் ஆணையைத் திரும்பப் பெற இயலாததால், யூதர்கள் ஆயுதமேந்தித் தம்மைக் காத்துக்கொள்ள மற்றோர் ஆணை பிறப்பிக்கப்பட்டது.

அகாஸ்வேருவைப் பாரசீக மன்னன் முதலாம் செர்க்சசு (ஆட்சி: கி.மு. 486–465) எனப் பலர் அடையாளம் காண்கின்றனர். எனினும் இக்கதையை வரலாற்றுப் பதிவாக ஏற்காத ஆய்வாளர்களும் உளர். எபிரேய எஸ்தர் நூலில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் இடம்பெறவில்லை.

கொண்டாடப்படும் நாள்

பெரும்பாலான இடங்களில் அதார் 14ஆம் நாளிலும், பண்டைக்காலம் முதல் மதில் சூழ்ந்திருந்த நகரங்களில் 15ஆம் நாளிலும் பூரிம் கொண்டாடப்படுகிறது. தலைநகரான சூசானில் போர் ஒரு நாள் கூடுதலாக நீடித்ததே இதற்குக் காரணமாகும். இவ்விரண்டாம் நாள் சூசான் பூரிம் எனப்படும். எருசலேமில் இந்நாளே பின்பற்றப்படுகிறது. இரண்டு அதார் மாதங்கள் வரும் நெட்டாண்டில் இரண்டாம் அதாரில் பூரிம் அமையும்.

நான்கு கடமைகள்

* மெகில்லா வாசிப்பு: தோற்சுருளில் கையால் எழுதப்பட்ட எஸ்தர் நூல் இரவில் ஒருமுறையும் பகலில் ஒருமுறையும் முழுமையாக வாசிக்கப்படும். ஆண், பெண் இருபாலரும் இதைக் கேட்க வேண்டும். ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் சிறுவர்கள் கிலுகிலுப்பைகளைச் சுழற்றி ஓசை எழுப்புவர்.
* உணவுப் பரிசு: குறைந்தது ஒருவருக்கேனும் உடனே உண்ணத்தக்க இருவகை உணவுகளை அனுப்ப வேண்டும்.
* ஏழைகளுக்கு ஈகை: குறைந்தது இரு ஏழைகளுக்கு ஆளுக்கொரு கொடை வழங்க வேண்டும்.
* விருந்து: பகற்பொழுதில் குடும்பத்தினரும் நண்பர்களும் கூடி உண்பர்.

ஈகையின் இடம்

எபிரேய மொழியில் ஈகையைக் குறிக்கும் "செதாக்கா" என்னும் சொல், நீதியைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. எனவே கொடுத்தல் என்பது விருப்பத்தைச் சார்ந்த இரக்கச் செயலாக மட்டும் கருதப்படாமல், செய்தே ஆக வேண்டிய கடமையாகவும் கருதப்படுகிறது. பிறரிடம் உதவி பெற்று வாழும் ஏழையும் பூரிம் நாளில் மற்றோர் ஏழைக்குக் கொடுக்க வேண்டும். கை நீட்டுபவரின் தகுதியை அன்று ஆராய்தல் கூடாது. பூரிமுக்கெனத் திரட்டிய பணத்தை வேறு நற்பணிக்குத் திருப்புவதையும் தல்மூது கட்டுப்படுத்துகிறது.

12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அறிஞர் மைமோனிடிசு, தம் மிஷ்னே தோரா என்னும் சட்டத் தொகுப்பில், சொந்த விருந்தையும் நண்பர்களுக்கான பரிசுகளையும் பெருக்குவதைவிட ஏழைகளுக்கான கொடையைப் பெருக்குவதே சிறந்தது என வலியுறுத்தினார். வறியோர், ஆதரவற்றோர், கைம்பெண்கள், அயலார் ஆகியோரின் உள்ளத்தை மகிழ்விப்பதே பெருமகிழ்ச்சி என்பது அவர் கருத்தாகும்.

உணவுப் பரிசு அனுப்ப வசதியற்றவர்களுக்கும் வழி உண்டு. வறிய அறிஞர் இருவர் தத்தம் உணவையே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு இக்கடமையை நிறைவேற்றியதாகத் தல்மூது குறிப்பிடுகிறது. இதனால் அவர்களுக்குக் கூடுதல் செலவு ஏற்படவில்லை. எனினும் இருவரும் பெறுபவராக மட்டுமன்றிக் கொடுப்பவராகவும் ஆயினர்.

கல்வி

பூரிம் தொடர்பான விதிகள் தல்மூதின் மெகில்லா என்னும் பகுதியில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. பாசுகா விழாவின் விதிகளை அவ்விழாவிற்கு முப்பது நாட்களுக்கு முன்னரே கற்கத் தொடங்க வேண்டும் என்பது மரபாகும். அத்தொடக்கம் பூரிம் நாளையொட்டி அமைகிறது. இதே காலத்தில், பாசுகாவுக்கான புளியாத அப்பம் செய்ய ஏழைகளுக்குக் "கோதுமைப் பணம்" திரட்டும் வழக்கமும் உண்டு. இவ்வாறு ஒரு விழாவின் ஈகையும் கல்வியும் அடுத்த விழாவுக்குத் தொடர்கின்றன.

பிற வழக்கங்கள்

விழாவுக்கு முந்தைய நாள் எஸ்தரின் நோன்பு கடைப்பிடிக்கப்படுகிறது. ஐரோப்பிய யூதர்களிடையே கசகசாப் பூரணம் வைத்த முக்கோண வடிவப் பணியாரம் புகழ்பெற்றது. இத்திய மொழி பேசியோர் பூரிம் நாடகங்களை நடத்தினர். டெல் அவிவ் நகரில் 1912 முதல் பூரிம் ஊர்வலங்கள் நடைபெறலாயின.

தாம் வாழ்ந்த ஊரில் ஆபத்திலிருந்து தப்பிய சமூகங்கள் தமக்கெனத் தனிப் பூரிம்களையும் ஏற்படுத்திக்கொண்டன. 1524இல் எகிப்து ஆளுநரின் கொடுமையிலிருந்து தப்பியதை நினைவுகூரும் கெய்ரோ பூரிமும், 1614இல் விரட்டப்பட்ட யூதர்கள் 1616இல் நகர் திரும்பியதைக் குறிக்கும் பிராங்க்ஃபுர்ட் பூரிமும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவையாகும்.