எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?

சாலைக் கடைத்தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "தற்காப்புக்கு எந்தத் துப்பாக்கி நல்லது, அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டார். அமெரிக்காவில் இருக்கும் மகன் 9 மி.மீ. தான் வேண்டும் என்றானாம்.

நம் நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா வெளியே போகக்கூடாது என்பதால் 9 மி.மீ., .38 இரண்டும் தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்சுக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 தான். கான்பூரில் தயாராகி 2014-இல் வந்த 'நிர்பீக்' ரிவால்வரும் அதுவே: எடை ஏறக்குறைய அரைக் கிலோ, தோட்டா ஆறு.

ஒன்றைக் கவனியுங்கள். .32 ரிவால்வர் தோட்டா நீளமானது; அடியில் விளிம்பும் உண்டு. .32 பிஸ்டலில் அது சேராது. எண்ணை மட்டும் சொல்லித் தோட்டா கேட்டால் வம்பு.

லைசென்சுக்குக் குடப்பனக்குன்னு கலெக்டரேட்டில் மனுக் கொடுக்க வேண்டும். போலீஸ் விசாரணை அறிக்கை பார்த்த பிறகே முடிவு. கிடைத்தாலும், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பொது இடத்தில் உறைக்குள் வைத்துத்தான் கொண்டுபோகலாம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், என் ஓட்டு நல்லதொரு இரும்புப் பெட்டிக்கே! தேர்தல் வந்தால், துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வதும் வழக்கம்.