பெருந்தொற்றுக் காலத்தில் புற்றுநோய் அறுவை சிகிச்சை: ஏன் தள்ளிப்போகிறது, எவ்வளவு காலம் தள்ளிப்போகலாம்?

குரும்பகரத்தில் வசிக்கும் ஒருவர் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்காக நாடக்கூடிய பெரிய மையங்களுள் ஒன்று, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மண்டலப் புற்றுநோய் மையம். காரைக்காலும் புதுச்சேரியும் ஒரே யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தவை. எனினும், இடையில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. வழியில் சீர்காழி, சிதம்பரம், கடலூர் எனத் தமிழ்நாட்டின் ஊர்கள் அமைந்துள்ளன. 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியதும் பேருந்தும் இரயிலும் நின்றன. தங்கள் பிரதேசத்தின் தலைநகருக்குச் செல்லவே அண்டை மாநில எல்லையைக் கடக்க வேண்டியவர்களுக்கு அது இரட்டைத் தடையாக அமைந்தது.

அந்நாள்களில் கும்பகோணத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த தம் மனைவியை மிதிவண்டியில் அமர்த்தி ஜிப்மர் வரை அழைத்துச் சென்ற செய்தி நாளிதழ்களில் வெளியானது. புறநோயாளிகள் பிரிவு மூடப்பட்டிருந்தும் மருத்துவர்கள் சிகிச்சை அளித்து, ஆம்புலன்ஸ் மூலம் இருவரையும் ஊருக்கு அனுப்பிவைத்தனர். அனைவராலும் அவ்வாறு சென்றடைய இயலவில்லை.

அறுவை அரங்கு ஏன் முடங்குகிறது?

அறுவை சிகிச்சைக்கு மருத்துவரும் அரங்கும் இருந்தால் போதும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். பெரிய புற்றுநோய் அறுவைக்குப் பின் நோயாளியை ஓரிரு நாள்களேனும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் கவனிக்க வேண்டியிருக்கும். பெருந்தொற்றின்போது அந்தப் படுக்கைகளும், செயற்கை சுவாசக் கருவிகளும், மயக்கவியல் மருத்துவர்களும் தொற்றாளர்களுக்கே தேவைப்படுகின்றனர். இரத்ததான முகாம்கள் நடைபெறாததால் இரத்த வங்கியில் இருப்பு குறைகிறது. செவிலியர் ஒருவருக்குத் தொற்று உறுதியானால் அவருடன் பணியாற்றியவர்களும் தனிமைப்படுத்தப்படுகின்றனர். வாய், தொண்டைப் புற்றுநோய் அறுவைகளில் நோயாளியின் சுவாசப்பாதையிலேயே பணிபுரிய வேண்டியிருப்பதால் அச்சமும் முன்னெச்சரிக்கையும் கூடுதலாக இருந்தன.

இந்தியாவில் 41 புற்றுநோய் மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரை நடைபெற்ற பெரிய அறுவை சிகிச்சைகள், முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதங்களைவிட 49 விழுக்காடு குறைந்தன. புதிய நோயாளிகளின் பதிவு 54 விழுக்காடு குறைந்தது. இரண்டாவது எண்ணிக்கையே அதிகக் கவலைக்குரியது. அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டுக் காத்திருப்பவரின் பெயர் மருத்துவமனையிடம் உள்ளது. நோயே கண்டறியப்படாதவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

61 நாடுகளில் ஏறத்தாழ 20,000 நோயாளிகளிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வில், முழு ஊரடங்கு நிலவிய இடங்களில் ஏழு பேரில் ஒருவருக்குத் திட்டமிட்ட புற்றுநோய் அறுவை நடைபெறவில்லை என்று தெரியவந்தது.

எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?

இதற்கு ஒரே விடை இல்லை. மெதுவாக வளரும் சில தைராய்டு புற்றுநோய்களிலும் தொடக்கநிலை புராஸ்டேட் புற்றுநோயிலும் சில மாதங்கள் காத்திருப்பதால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. மார்பகப் புற்றுநோயின் சில வகைகளில் ஹார்மோன் மருந்தையோ கீமோதெரபியையோ முதலில் அளித்து, அறுவையைப் பின்னர் செய்யலாம். வாய்ப்புற்றுநோய்க்கு இத்தகைய அவகாசம் அரிது. குடல் அடைப்பும் நிற்காத இரத்தப்போக்கும் அவசர நிலைகளாகும். அவை பெருந்தொற்றின்போதும் காத்திருக்கக் கூடாதவை.

பல புற்றுநோய்களில் அறுவை நான்கு வாரம் தாமதமாகும் ஒவ்வொரு முறையும் இறப்பு அபாயம் 6 முதல் 8 விழுக்காடு வரை உயர்வதாக 2020இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு தெரிவித்தது. நூறு பேரில் கூடுதலாக எட்டுப் பேர் இறப்பர் என்பது இதன் பொருள் அன்று. ஏற்கெனவே உள்ள அபாயம் அந்த அளவு பெருகுகிறது என்பதே பொருள்.

கோவிட் தொற்று ஏற்பட்டவருக்கு ஏழு வாரம் கழித்து அறுவை செய்வது பாதுகாப்பானது என்று 2021இல் பன்னாட்டு ஆய்வொன்று பரிந்துரைத்தது. அது தடுப்பூசி பரவலாவதற்கு முந்தைய தரவு. இன்று நோயாளியின் உடல்நிலையையும் புற்றுநோயின் வேகத்தையும் ஒப்பிட்டு மருத்துவரே நாளை முடிவு செய்கிறார்.

சேவையை முழுமையாக நிறுத்தியாக வேண்டும் என்பதில்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 2020 மார்ச் பிற்பகுதி முதல் ஏப்ரல் இறுதி வரை 494 திட்டமிட்ட புற்றுநோய் அறுவைகள் நடைபெற்றன; அந்நோயாளிகளில் ஒருவர்கூட இறக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

அறுவை தள்ளிவைக்கப்பட்டால், "எத்தனை வாரம்? அதுவரை மாற்றுச் சிகிச்சை உண்டா? எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும்?" என்று மருத்துவரிடம் கேட்டு விடைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திசுப் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் வைத்திருங்கள்; போக்குவரத்து தடைபட்டால் காரைக்கால் அரசு பொது மருத்துவமனை மருத்துவர் அவற்றைக் கொண்டே உங்கள் நிலையை அறிய இயலும்.

மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு, மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் தொற்று தணியட்டும் என்று காத்திராதீர்கள். முகக்கவசம் அணிந்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். அவசர நிலையில் 108 என்ற எண்ணை அழையுங்கள்.