நல்ல பெனி எது?

கோவாவில் வாழும் நம்மவர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து வரும் உறவினர், “இவ்வூர்ப் பெனியில் நல்லது எது?” என்று வினவாதிரார். அருந்தாத குடும்பத்தாரும் விடையறிந்திருத்தல் நலம்.

முந்திரியைப் பிரேசிலிலிருந்து கோவாவுக்குக் கொணர்ந்தவர் போர்த்துகீசியர். பங்குனி, சித்திரையில் கனிந்து தாமே உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி, கொட்டை நீக்கி, மிதித்துச் சாறெடுப்பர். சர்க்கரையோ நொதியோ சேர்க்காமலே அச்சாறு ஏறக்குறைய 3 நாளில் புளிக்கும். அதைக் காய்ச்சி வடித்தால் ஊராக், அது மென்மையானது. ஊராக்குடன் புளித்த சாற்றைக் கலந்து மீண்டும் வடித்தால் பெனி. இதில் சாராயச் சத்து நூற்றுக்கு 42 அளவில் இருக்கும். 2009-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிட்டியது.

கனிந்த பழம், கலப்பற்ற சாறு, அளவான தீ ஆகிய மூன்றுமே நல்ல பெனியின் இலக்கணம்.

குப்பியைக் குலுக்கி நுரை பார்ப்போர் உளர். நுரை வீரியத்தை ஓரளவு காட்டுமேயன்றித் தூய்மையைக் காட்டாது. மெதனால் என்னும் நஞ்சு கலந்திருப்பின் நிறத்தாலும் மணத்தாலும் அறிதற்கில்லை. அது உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணொளியைப் பறிக்கும், உயிரையும் கொள்ளும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டோர் மாண்டது இந்நஞ்சினாலேயே.

ஆதலின், உரிமம் பெற்றோர் முத்திரையிட்டு விற்பதன்றி வேறெதையும் வாங்கற்க. குடித்தவருக்குக் கண் மங்கினால், “உறங்கினால் தெளியும்” என்றிராமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. அனுப்புநர் பெயரில்லாப் பொதியை ரயிலடியில் நாங்கள் ஏற்பதில்லை; வடித்தவர் பெயரில்லாக் குப்பியை வீட்டில் நீங்களும் ஏற்க வேண்டா.