அக்கி எழுதப் போகாதவள்

எனக்கிருப்பது ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ். நோய்க்கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் என் கல்லீரலையே அடிக்கிறது. குடித்து வந்ததல்ல, யாரிடமிருந்தும் தொற்றியதும் அல்ல. 1950-இல் யான் வால்டன்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் மருத்துவர் இளம்பெண்களிடம் கண்டு எழுதிய நோய் இது. இன்றும் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்துகிறேன். தினமும் பிரட்னிசோலோன் 5 மில்லிகிராம், அசாதயோப்ரின் 50 மில்லிகிராம் விழுங்குகிறேன். இரண்டுமே எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மாத்திரைகள்.

"அப்படிப்பட்ட மருந்தைப் போய் சாப்பிடலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். இந்த வைத்தியம் வருவதற்கு முன் நோய் முற்றியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பிவிடுகிறது. ஆகவே சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் அடக்கிவைத்த எதிர்ப்புச் சக்திக்குள் வைரஸ்கள் எப்படி நுழையும் என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

போன கோடையில் வலது விலாவில் தீப்பட்டது போல எரிந்தது. மறுநாள் கொத்தாகக் கொப்புளங்கள். பார்த்ததும் பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "ஏட்டி, ஊசி கீசி போட்டுராத. வேளார் வீட்டுக்குப் போயி அக்கி எழுதிட்டு வந்துருவோம்." எங்கள் ஊரில் அக்கிக்குக் குயவர் வீட்டில் காவி குழைத்து உடம்பில் எழுதுவது தலைமுறை வழக்கம். அதை நம்புகிறவர்களை நான் பழிக்க மாட்டேன். நல்ல உடம்புக்காரருக்கு அக்கி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். எழுதியதால் ஆறியது என்று நினைப்பது இயல்புதானே.

என் உடம்புக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. சின்ன வயதில் சின்னம்மை வார்த்தபோது நுழைந்த வைரஸ்தான் அக்கியாகக் கிளம்புகிறது; அது உடம்பை விட்டுப் போவதே இல்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதை அங்கேயே கட்டிவைத்திருப்பவை டி செல்கள் எனும் வெள்ளணுக்கள். என் மாத்திரைகள் கைவைப்பது அந்த வெள்ளணுக்கள் மீதுதான். எங்களைப் போன்றவர்களுக்கு அக்கி வருவதும் அதிகம். உடம்பெங்கும் பரவி நுரையீரலையும் கல்லீரலையும் பிடித்துவிடும் ஆபத்தும் உண்டு. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் வகை மருந்தைத் தொடங்குவது நல்லது. பெரியம்மாவைச் சமாதானப்படுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதைத்தான் டாக்டரிடம் முதலில் சொன்னேன். தொற்று கடுமையாக இருந்தால் அசாதயோப்ரினைச் சில நாள் நிறுத்துவதா என்று அவர்கள் முடிவுசெய்வார்கள். பிரட்னிசோலோனை மட்டும் சட்டென்று விடவே கூடாது. நெடுநாள் சாப்பிட்ட உடம்பு, தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். விட்டால் மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

அசாதயோப்ரினைத் தந்தவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. டாக்டர் பட்ட ஆய்வை முடிக்காதவர்; 1988-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் வேலைபார்த்த அதே பரோஸ் வெல்கம் நிறுவனத்தில்தான் அசைக்ளோவிரும் பிறந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும், அந்த இடைவெளியில் தலைதூக்கும் வைரஸுக்கு மருந்தும் ஒரே கூரையின் கீழ் வந்ததை நினைத்தால் எனக்கு அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினாலும் அங்கிருந்து வந்ததுதான். அதை அசாதயோப்ரினோடு சேர்த்துச் சாப்பிட்டால் வெள்ளணுக்கள் அதலபாதாளத்துக்குப் போய்விடும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாய்ச்சொல்லில் மாத்திரை வாங்குகிற பழக்கம் நமக்கு உண்டு என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

அக்கியாவது கண்ணுக்குத் தெரிகிறது. ஹெபடைட்டிஸ் பி அப்படியல்ல. எப்போதோ வந்து போன வைரஸ், ரத்தத்தில் தென்படாமல், கல்லீரல் செல்களின் உட்கருவுக்குள் தன் மரபுப்பொருளை விட்டுவைத்திருக்கும். எதிர்ப்புச் சக்தி அடங்கியதும் மறுபடி பெருகும். அப்போது கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு எகிறும். பழைய நோய்தான் கிளம்பியிருக்கிறது என்று எண்ணி ஸ்டீராய்டைக் கூட்டினால் வைரஸுக்கு இன்னும் வசதியாகிவிடும். அதனால்தான் சிகிச்சை தொடங்குமுன் இரண்டு பரிசோதனைகள் கேட்கிறார்கள்: வைரஸ் இப்போது ரத்தத்தில் இருக்கிறதா, முன்பு எப்போதாவது வந்துபோனதைக் காட்டும் எதிர்ப்பொருள் இருக்கிறதா. இருந்தால், ஆபத்தின் அளவைப் பார்த்து, டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் கொடுத்துப் பாதுகாப்பார்கள். ஆபத்து குறைவென்றால் நெருங்கிக் கண்காணிப்பார்கள். இரண்டாவது பரிசோதனையைச் செலவு என்று தள்ளிவிடாதீர்கள். நாடு முழுவதும் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி பரவியது 2011 வாக்கில்தான். என் வயதுக்காரர்களில் பலர் போட்டதே இல்லை.

தடுப்பூசிகளிலும் வேறுபாடு உண்டு. ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசியில் செயலிழந்த கிருமி உள்ள வகை ஒன்று உண்டு; பி தடுப்பூசியில் கிருமியின் ஒரு துண்டு மட்டுமே இருக்கும். அந்த வகையையும் பி தடுப்பூசியையும் ஃப்ளூ ஊசியையும் நாங்கள் போட்டுக்கொள்ளலாம். சின்னம்மை, தட்டம்மை ஊசிகளில் வலுக்குறைந்த உயிருள்ள கிருமி இருப்பதால் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. முடிந்தவற்றை மாத்திரை தொடங்குமுன் போட்டுவிட்டால் பலன் கூடுதல். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுகிற வழக்கத்தை நான் மனதார மதிக்கிறேன். அந்நியர் உள்ளே வர மாட்டார்கள், வீட்டார் வெளியே சுற்ற மாட்டார்கள். என் போன்றவர்களுக்கு அதுவே பாதுகாப்பு. ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாளே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை வீட்டில் வையுங்கள் என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் கேட்கிறேன். அம்மையே வராத ஒருவர், இந்த மாத்திரைகளைச் சாப்பிடும்போது அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நோய் கிளம்புமுன் போடக்கூடிய எதிர்ப்பொருள் ஊசி இருக்கிறது. அக்கிக்கும் உயிருள்ள கிருமி இல்லாத தடுப்பூசி 2023-இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. இரண்டு தவணை, விலை அதிகம். முதல் தவணைக்குப் பணம் ஒதுக்கிவிட்டேன்.