கீபோர்டில் அமைத்த தாளம் தொலையாமல் இருக்க: ஸ்டைல்களை மெமரி கார்டுக்கு மாற்றுவது எப்படி?

பிரிஞ்சாங் –

ஆலயத் திருவிழா, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா, திருமண விருந்து, தேவாலய ஆராதனை என எதுவானாலும் மேடையின் ஓரத்தில் ஒரு கீபோர்ட் இருக்கும். முழு இசைக்குழுவையும் மலைக்கு வரவழைக்க வசதியில்லாத தோட்டங்களில் அந்த ஒரு கருவியே தபேலாவாகவும் டோலக்காகவும் பேஸ் கிட்டாராகவும் வயலினாகவும் ஒலிக்கிறது. இடக்கை இரண்டு மூன்று கட்டைகளை அழுத்தினால் போதும், பின்னணி இசை தானாக ஓடத் தொடங்கிவிடும். இந்தப் பின்னணி இசைக் கோவையைத்தான் கீபோர்ட் வாசிப்பவர்கள் ‘ஸ்டைல்’ என்கிறார்கள். கேசியோ கருவிகளில் இதற்கு ‘ரிதம்’ என்று பெயர்.

கடையிலிருந்து வரும் கீபோர்டில் நூற்றுக்கணக்கான ஸ்டைல்கள் இருக்கும். ஆனால், அவற்றில் பெரும்பாலானவை மேல்நாட்டுப் பாடல்களுக்கானவை. நான்கு எண்ணிக்கைத் தாளங்களே அதிகம். காவடிச் சிந்தில் பெரிதும் வரும் திஸ்ர நடைக்கும், மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிக்கை வரும் மிஸ்ர சாப்புக்கும் ஏற்ற ஸ்டைல் அதில் கிடைப்பது அரிது. அதனால்தான் நம் கீபோர்ட் கலைஞர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து தாங்களே ஸ்டைல் அமைக்கிறார்கள். ஒரு பஜனைப் பாடலுக்கு எந்த இடத்தில் தபேலா உருட்ட வேண்டும், சரணம் முடிந்ததும் எப்படித் தாளம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவர்களின் காதில் இருந்து கருவிக்குள் போனவை.

சிக்கல் என்னவென்றால், அந்த உழைப்பு பல வேளைகளில் அந்த ஒரு கருவிக்குள் மட்டுமே இருக்கிறது. கருவி பழுதானால், விற்கப்பட்டால், யாராவது தவறுதலாக ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்தால் எல்லாம் போய்விடும். அதைத் தவிர்ப்பதற்குச் சில நிமிடங்களே போதும்.

ஸ்டைல் என்பது ஒலிப்பதிவு அல்ல

மாற்றும் வழியைப் பார்ப்பதற்கு முன், எதை மாற்றுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஸ்டைல் கோப்பில் பாட்டோ ஒலியோ பதிவாகி இருப்பதில்லை. எந்த நேரத்தில், எந்த வாத்தியம், எந்தச் சுரத்தை, எவ்வளவு அழுத்தமாக வாசிக்க வேண்டும் என்ற கட்டளைகளே அதில் இருக்கின்றன. 1983ஆம் ஆண்டு அறிமுகமான ‘மிடி’ முறையை அடிப்படையாகக் கொண்ட கட்டளைகள் இவை.

யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தேமா, புளிமா என்பவை வாய்பாடுகள். அந்த அச்சில் எந்தச் சொல்லையும் பொருத்தலாம். ஸ்டைலும் அப்படித்தான். யமாஹா கருவிகளில் ஸ்டைலைப் பொதுவாக ‘சி மேஜர் செவன்த்’ என்ற ஒரே சுரச்சேர்க்கையில்தான் பதிவு செய்வார்கள். பிறகு வாசிப்பவரின் இடக்கை எந்தச் சுரச்சேர்க்கையை அழுத்துகிறதோ, அதற்கேற்பக் கருவியே சுரங்களை மாற்றிக்கொள்ளும்.

ஒரு ஸ்டைலுக்குள் பல பகுதிகள் உண்டு. தொடக்கம் (இன்ட்ரோ), முதன்மைத் தாளம் (மெயின்), இடையில் வரும் உருட்டல் (ஃபில்–இன்), முடிவு (எண்டிங்) என்று அவை அமையும். ஒவ்வொரு பகுதியிலும் தாளம், பேஸ், சுரச்சேர்க்கை, இசைத் துணுக்கு எனத் தனித்தனி வரிசைகள் இருக்கும். யமாஹாவில் இவை எட்டு. கேசியோவின் ரிதம் எடிட்டரிலும் எட்டு.

இத்தனையும் அடங்கிய ஒரு கோப்பு பெரும்பாலும் சில பத்து கிலோபைட்டிலிருந்து நூறு, இருநூறு கிலோபைட் வரைதான் இருக்கும். ஆயிரம் ஸ்டைல்கள் வைத்திருந்தாலும் 2 ஜி.பி. கார்டில் பத்தில் ஒரு பங்குதான் நிரம்பும். ஆகவே, பெரிய கார்டு தேடி அலைய வேண்டியதில்லை.

எந்தக் கார்டு?

கருவியின் வயதைப் பொறுத்து இது மாறும். 2004ஆம் ஆண்டு வெளிவந்த யமாஹா பி.எஸ்.ஆர். 1500, 3000 ஆகியவை ‘ஸ்மார்ட் மீடியா’ என்ற மெல்லிய அட்டையைப் பயன்படுத்தின. அதன் உச்ச அளவே 128 எம்.பி. தான். கேசியோ சி.டி.கே. 7200, டபிள்யூ.கே. 7600, கோர்க் பி.ஏ.50 எஸ்.டி. போன்றவற்றில் எஸ்.டி. கார்டு செருகும் துளை உண்டு. யமாஹாவின் பி.எஸ்.ஆர். எஸ் வரிசை, எஸ்.எக்ஸ். வரிசை, கேசியோவின் சி.டி.–எக்ஸ்3000, 5000 ஆகியவற்றில் கார்டுக்குப் பதில் பென்டிரைவ்.

எஸ்.டி. கார்டு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2 ஜி.பி. வரையுள்ளவை எஸ்.டி., அதற்கு மேல் 32 ஜி.பி. வரை எஸ்.டி.எச்.சி., அதற்கும் மேல் எஸ்.டி.எக்ஸ்.சி. என்று மூன்று வகை உண்டு. கீபோர்டுகள் பல எஸ்.டி.எக்ஸ்.சி. வகையை ஏற்பதில்லை. இன்று கடையில் எளிதில் கிடைக்கும் 64 ஜி.பி., 128 ஜி.பி. கார்டுகள் அந்த வகைதான். கைத்தொலைபேசியில் இருந்து எடுத்த கார்டைச் செருகிவிட்டு, “கருவி கெட்டுப்போய்விட்டது” என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் கருவிக்கு அந்தக் கார்டைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கார்டின் இடப்புறத்தில் சிறிய பூட்டு ஒன்று இருக்கும். அது கீழே தள்ளப்பட்டிருந்தால் எதையும் எழுத முடியாது. சேமிக்க மறுத்தால் முதலில் அதைப் பாருங்கள்.

கேசியோ கருவியில்

1. புதிய கார்டைக் கணினியில் அல்லாமல் கீபோர்டிலேயே ‘ஃபார்மட்’ செய்யுங்கள். கார்டில் ஏற்கெனவே இருப்பது அனைத்தும் அழிந்துவிடும் என்பதால் வெற்றுக் கார்டையே பயன்படுத்துங்கள்.

2. ஃபார்மட் முடிந்ததும் ‘மியூசிக்டேட்’ என்ற பெயரில் ஓர் உறை தானாக உருவாகும். கருவி அந்த உறையை மட்டுமே பார்க்கும். கணினியிலிருந்து கோப்புகளைப் போடும்போது நேரடியாக அந்த உறைக்குள்தான் போட வேண்டும். அதற்குள் இன்னோர் உறை திறந்து வைத்தால் கருவி கண்டுகொள்ளாது.

3. கார்டு பட்டியலில் ‘சேவ்’ பகுதிக்குச் சென்று, ‘யூசர் ரிதம்’ என்ற தரவு வகையைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் அமைத்த ரிதம் எண்ணைக் காட்டி, சுருக்கமான பெயர் வைத்துச் சேமியுங்கள். கோப்பு ‘ஏசி7’ என்ற பின்னொட்டுடன் பதிவாகும்.

யமாஹா கருவியில்

எஸ் வரிசையில் ‘ஸ்டைல் கிரியேட்டர்’ மூலம் அமைத்த ஸ்டைலை முதலில் ‘யூசர்’ பகுதியில் சேமித்திருக்க வேண்டும். சேமிக்காமல் வேறு ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தாலோ, மின்சாரம் போனாலோ அதுவரை செய்த வேலை போய்விடும்.

1. ஸ்டைல் தேர்வுத் திரையில் ‘யூசர்’ பகுதிக்குச் செல்லுங்கள்.

2. ‘காப்பி’ பொத்தானை அழுத்தி, வேண்டிய ஸ்டைல்களைக் குறியுங்கள். எல்லாவற்றையும் எடுக்க ‘ஆல்’ என்பதை அழுத்தி ‘ஓகே’ கொடுங்கள்.

3. ‘டேப்’ பொத்தானால் யு.எஸ்.பி. பகுதிக்கு நகர்ந்து ‘பேஸ்ட்’ கொடுங்கள். பழைய கருவியில் இது ‘கார்டு’ என்ற பெயரில் இருக்கும்.

எஸ்.எக்ஸ். வரிசையிலும் இதே முறைதான். பொத்தானுக்குப் பதில் தொடுதிரையில் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் யு.எஸ்.பி. பகுதியிலிருந்தே ஒரு ஸ்டைலை வாசித்துப் பாருங்கள். ஒலித்தால் நகல் சரியாக வந்துவிட்டது என்று பொருள்.

கோர்க் கருவியில்

பி.ஏ. வரிசையில் ‘மீடியா’ பக்கத்தில் ‘சேவ்’ பகுதி உண்டு. ஸ்டைல்கள் ‘செட்’ என்று முடியும் ஓர் உறைக்குள் தொகுப்பாகச் சேரும். இங்கே சேமிப்பதைவிடத் திரும்ப ஏற்றும்போதுதான் எச்சரிக்கை தேவை. பிறர் கொடுத்த தொகுப்பை அப்படியே முழுதாக ஏற்றினால், கருவியில் நீங்கள் வைத்திருந்த யூசர் ஸ்டைல்களின் மேல் அது எழுதப்பட்டுவிடும். ஆகவே, ஏற்றுவதற்கு முன் உங்களுடையதை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்.

யமாஹா, கோர்க் இரண்டிலும் ‘எஸ்.டி.ஒய்.’ என்று முடியும் கோப்புகள் உண்டு. பின்னொட்டு ஒன்றுதான், உள்ளமைப்பு வேறு. ஒன்றில் உருவானது மற்றொன்றில் நேரடியாகத் திறக்காது. அதற்கென மாற்று மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால், மாற்றிய பிறகு ஒவ்வொரு வாத்தியத்தையும் காதால் கேட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

வேறு கருவியில் தபேலா மாறி ஒலிப்பது ஏன்?

“என் கீபோர்டில் நன்றாக இருந்த ஸ்டைல், நண்பரின் கீபோர்டில் கரகரவென்று கேட்கிறது” என்பது பலரின் புகார். ஸ்டைலில் இருப்பது ஒலி அல்ல, கட்டளை என்று மேலே சொன்னது இங்கே பொருந்தும். “இந்த எண்ணுள்ள தாளத் தொகுதியை எடு, இந்தக் கட்டையைத் தட்டு” என்றுதான் கோப்பு சொல்கிறது. அதே எண்ணில் நண்பரின் கருவியில் தபேலா இல்லையென்றால், வேறு டிரம்ஸ் ஒலிக்கும்.

இந்தியச் சந்தைக்கென வந்த யமாஹா பி.எஸ்.ஆர். ஐ455, ஐ500, கேசியோ சி.டி.கே. 7300 ஐ.என். போன்றவற்றில் இந்திய வாத்திய ஒலிகள் உள்ளேயே இருக்கின்றன. அவற்றிலுள்ள ஒலிகளை நம்பி அமைத்த ஸ்டைல் சாதாரணக் கருவியில் மாறித்தான் கேட்கும்.

உருமிக்கு இது இன்னும் பொருந்தும். உருமியின் இழுவை ஒலி பொதுவான கீபோர்டுகளில் இருப்பதில்லை. யாராவது உருமியை ஒலிப்பதிவு செய்து, வசதியுள்ள கருவியில் தனி ஒலியாக ஏற்றியிருந்தால், அந்த ஒலிக்கோப்பு ஸ்டைலோடு சேர்ந்து வராது. அதைத் தனியாகச் சேமிக்க வேண்டும். ஸ்டைலை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், பிறகு தாளம் இருக்கும், உருமி இருக்காது.

மலைக்குளிரும் ஈரமும்

பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனியும் ஈரமும் இங்கே அன்றாடம். குளிர்ந்த வேனில் இருந்து இறக்கிய கீபோர்டை, ஆட்கள் நிறைந்த கதகதப்பான மண்டபத்தில் வைத்ததும் உள்ளே நீர் முத்து கோக்கும். உடனே மின்சாரம் கொடுக்காமல், கருவி மண்டபத்தின் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள்.

கார்டுகளைக் காற்றுப் புகாத சிறிய டப்பாவில், காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்கலாம். கருவி எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்கக் கூடாது. மழையும் இடியும் உள்ள மாலையில் சேமிக்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். பாதியில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு மட்டுமல்ல, முழுக் கார்டுமே படிக்க முடியாமல் போகலாம்.

கார்டும் நிரந்தரம் அல்ல

முன்பு ஃபிளாப்பி இருந்தது. பிறகு ஸ்மார்ட் மீடியா வந்தது. இரண்டையும் படிக்கும் சாதனம் இன்று எளிதில் கிடைப்பதில்லை. நம் முன்னோர் ஓலைச்சுவடி செல்லரிக்கும் முன் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினார்கள். பெயர்த்து எழுதப்பட்டவைதான் நமக்குக் கிடைத்தன. இதற்கும் அதுவே வழி. கார்டில் ஒரு நகல், கணினியிலோ இணையச் சேமிப்பிலோ இன்னொரு நகல் என இரண்டு இடத்தில் வையுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய சாதனத்துக்கு மாற்றுங்கள்.

கோப்பின் பெயர் மட்டும் போதாது. கருவித் திரைகள் பல தமிழ் எழுத்தைக் காட்டுவதில்லை என்பதால் ரோமன் எழுத்தில் சுருக்கமாகத்தான் பெயர் வைக்க முடியும். ஆகவே, ஒரு குறிப்பேட்டில் எந்தப் பாடலுக்கு, எந்தத் தாளம், என்ன வேகம், எந்தக் கருவி மாடலில் அமைத்தது, யார் அமைத்தது என்று தமிழில் எழுதி வையுங்கள். பத்தாண்டு கழித்து அந்தக் கார்டை எடுக்கும் இளைஞருக்கு அந்த ஒரு பக்கம்தான் வழிகாட்டி.

பணம் கொடுத்து வாங்கிய ஸ்டைல்கள் அமைத்தவருக்கு உரியவை. காப்புச் செய்யப்பட்ட கோப்புகளைக் கருவியே நகலெடுக்க விடாது. நீங்களே அமைத்தவற்றைத் தாராளமாகப் பகிரலாம்.

பழுதுபார்க்க அனுப்பும் முன்

கீபோர்டை ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ பழுதுபார்க்க அனுப்புவதற்கு முன்னும், விற்பதற்கு முன்னும், மென்பொருள் புதுப்பிப்பதற்கு முன்னும் நகல் எடுப்பதைக் கட்டாயமாக்குங்கள். யமாஹா எஸ் வரிசையில் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்யும்போது ‘ஃபைல்ஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்’ என்பதைக் குறித்துவிட்டால் யூசர் பகுதியில் உள்ளவை எல்லாம் அழிந்துவிடும்.

ஆலயத்துக்குச் சொந்தமான கீபோர்ட் என்றால், நகலும் ஆலயத்திடம் இருக்கட்டும். வாசிப்பவர் வேலை கிடைத்து மலையிறங்கிப் போகலாம், கருவியும் மாறலாம். ஆனால், அந்தத் தோட்டத்தில் காவடிக்கு எந்த நடையில் வாசித்தார்கள், தீபாராதனைக்கு எப்படித் தாளத்தைத் தாழ்த்தினார்கள் என்பது வேறு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அது அந்தச் சில கிலோபைட் கோப்பில் மட்டும்தான் இருக்கிறது.