எழுபது சோகிகளும் ஒரு கொப்பியும்

அன்று மாலை மின்சாரம் நின்றுவிட்டது. மகளின் கைத்தொலைபேசியிலும் சார்ஜ் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திண்ணையில் குந்தியிருந்தவளிடம் என் அம்மா, "வா பிள்ளை, பல்லாங்குழி விளையாடுவம்" என்றார்.

எங்களிடம் பலகை இல்லை. அம்மா முற்றத்து மணலில் விரலால் இரண்டு வரிசையாக 14 குழிகள் தோண்டினார். பேசாலைக் கரையில் மகள் பொறுக்கிய சோகிகள் இருந்தன. குழிக்கு 5 வீதம் 70. ஒரு குழியில் உள்ளதை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கை வெறுமையானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அந்தக் குழி வெறுமையாக இருந்தால், அதற்கு அப்பால் உள்ள குழியில் இருப்பது ஆடுபவருக்குச் சொந்தம். அத்துடன் முறை மாறும்.

முதல் ஆட்டத்தில் மகள் தோற்று எழும்பினாள். அம்மா விடவில்லை.

"இன்னும் முடியேல்லை. உன்னட்ட மிச்சம் இருக்கிறதால எத்தனை குழி நிரப்பலாமோ நிரப்பு. மற்றதை வெறுமையா விட்டிட்டு விளையாடு."

மகளிடம் 18 சோகிகள். மூன்று குழிகள்தான் நிரம்பின. அதை வைத்தே அடுத்த ஆட்டத்தில் இரண்டு குழிகளை மீட்டுவிட்டாள்.

எனக்கு 2009 நினைவுக்கு வந்தது. 2008இல் விடத்தல்தீவை விட்டுப் புறப்பட்ட நாங்கள், பல இடங்கள் மாறி மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அங்கும் அம்மா கூடாரத்து மண்ணில் இதே குழிகளைத் தோண்டி, சிறு கற்களால் பிள்ளைகளை விளையாட வைத்தார். தண்ணீர் வரிசையில் நின்று திரும்பும்போது அந்தச் சிரிப்புச் சத்தம் எனக்கு ஆறுதலாக இருந்தது. கையில் எதுவும் கொண்டுவராத எங்களிடம் அம்மாவின் மனதில் இருந்த விளையாட்டு மட்டும் மிஞ்சியிருந்தது.

ஐயாவின் புத்தகங்கள் மிஞ்சவில்லை. டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை' இதழ்களை ஐயா கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். நாங்கள் திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, புத்தகப் பெட்டியும் இல்லை.

கடந்த வருடம் மகள் தன் தொலைபேசியில் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைக் காட்டினாள. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கியது. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, எவரும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே கட்டடத்தில் இருந்தவை ஒரே இரவில் போயின. இன்று அப்படியொரு நூல் பல இடங்களில் இருக்க முடிகிறது.

மல்லிகையை மீண்டும் கண்டதும் அழுதுவிட்டேன். ஆனால் ஐயா ஓரங்களில் பென்சிலால் எழுதிய குறிப்புகள் அதில் இல்லை. அவற்றை இனி எவராலும் தர முடியாது.

இப்போது அம்மாவுக்கு ஞாபகம் குறைந்து வருகிறது. காலையில் சாப்பிட்டதை மறக்கிறார். ஆகவே 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, இரவில் அரை மணி நேரம் அவர் சொல்வதை எழுதுகிறேன். விளையாட்டு முறைகள், மீன் கருவாடு போடும் பக்குவம், பழைய ஊர்ப் பெயர்கள். மகள் பக்கங்களைப் படம் எடுத்து வவுனியாவில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்புகிறாள். கொப்பி தொலைந்தாலும் எழுத்துத் தொலையாது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கட்டும். எழுத மனம் வராத நாட்களைப் பற்றி எழுத வேண்டியதில்லை. ஒரு கறியிலிருந்தோ ஒரு விளையாட்டிலிருந்தோ தொடங்கலாம். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுவிக்கலாம். சொல்லக்கூடியவர் பக்கத்தில் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.